ராசாவின் கல்லீரலும் கண்டக்டர் குரலும்

நாயின் இதயம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அதன் கல்லீரலை ஸ்கேன் பண்ணிப் பார்ப்பதும், அதுவரை நாயை ஆடாமல் ஒருவர் பிடித்திருப்பதும்தான் எங்கள் தொழில். அந்த ஒருவர் நான். பிளஸ் டூ முடித்த லீவில் காரைக்குடியில் ஒரு நாய் டாக்டரம்மாவிடம் சேர்ந்தேன். யார் குரலிலும் பேசி நாயையும் மனிதரையும் ஏமாற்றிச் சிரிக்கும் பெண் என்று பள்ளியிலேயே எனக்குப் பெயர். நாய் பிடித்துக் கை மரத்துப்போன தோழர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

தொப்பை

தேவகோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் முத்தையா அண்ணன், ராசாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ராசா சிப்பிப்பாறை நாய். கால் நாலும் குச்சி, வயிறு மட்டும் பானை. கறிச்சோறு கூடிப்போச்சு என்று வீட்டில் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார்கள். வயிறு இன்னும் பெருத்ததுதான் மிச்சம்.

டாக்டரம்மா தட்டிப் பார்த்தார். உள்ளே நீர். "இதயம் ரத்தத்தை வாங்கிக்கலேன்னா அது பின்னாடி கல்லீரல்லயே தேங்கிரும். அங்க ரத்தக்குழாய் வீங்கியிருக்கான்னு பாக்கணும்" என்றார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வயிறுதானே வீங்கியிருக்கு டாக்டரம்மா, நெஞ்சை எதுக்கு வம்புக்கு இழுக்குறீக?"

இரைப்பு

மேஜையில் படுக்கவைத்து ஸ்கேன் கருவியை வைத்தால், அண்ணனைப் பார்த்துப் பார்த்து ராசா எழுந்தான். அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினோம்; இன்னும் மோசம், மூச்சு வாங்கி இரைத்தான். அவன் இரைக்க இரைக்கத் திரையில் கல்லீரல் கரகாட்டம் ஆடியது. டாக்டரம்மாவின் நெற்றி வியர்த்துவிட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அண்ணனின் கரகரப்பில், "ஏலேய் ராசா, படுடா. அப்பன் இங்குட்டுத்தான இருக்கேன்" என்றேன். ராசாவின் காது விறைத்தது. தலை என் கையில் சாய்ந்தது. இரைப்பு அடங்கியது. திரையில் ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிந்தன: தடித்துப் புடைத்து, மூச்சுக்கு மூச்சு சுருங்க வேண்டியவை அசையாமல் கிடந்தன. கருவியை நெஞ்சுக்கு நகர்த்தினால், இதயத்தைச் சுற்றி நீர் கோத்து அதை நெருக்கிக்கொண்டிருந்தது. இப்போதே எடுக்காவிட்டால் ராசா பொழுது சாயும்வரை தாங்கமாட்டான். ஊசியை எடுத்தபடியே டாக்டரம்மா சொன்னார்:

"நேத்து என் குரல்ல பேசி கம்பவுண்டரை வீட்டுக்கு அனுப்புனியே, அதை மன்னிச்சுட்டேன். நிறுத்தாமப் பேசு."

ஊசி

ஊசி நெஞ்சுக்குள். ராசா துள்ளினால் போச்சு. கொஞ்சுவதற்கு எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. கண்டக்டர் வேறென்ன பேசுவார்? "அமராவதிபுதூர் எறங்கு! படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ!" என்று ஆரம்பித்தேன். ராசா கண்ணை மூடிக்கொண்டான். சிவப்பாக நீர் வந்துகொண்டே இருந்தது. மறுபடி கல்லீரலைப் பார்த்தோம். புடைப்பு வடிந்து, மூச்சுக்கு மூச்சு ரத்தக்குழாய் சுருங்கி விரிந்தது. என் கண்ணும் கலங்கித்தான் போனது.

கதவைத் திறந்தால் அண்ணன் அழுதுகொண்டு நிற்கிறார். திரையைக் காட்டினோம். கும்பிட்டார். ராசாவைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் கேட்டேன் ஆத்தா, நீ நல்லாருக்கணும். ஆனா என் குரலு அம்புட்டுக் கொடூரமாவா இருக்கு?"

மறுவாரம்

சோதனைக்கு வந்தபோது ராசாவின் வயிறு ஒட்டியிருந்தது. அண்ணன் மனைவியும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தார். மேஜையில் ராசாவை நான் கணவர் குரலில் கொஞ்சுவதை இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வீட்டுல இருக்குற குரலுக்கு இது தேவலை. வாரம் ஒருக்கா வந்து எங்கிட்டயும் பேசிட்டுப் போத்தா."

தோழர்களே, என் பொய்க்குரலை நம்பி உயிரையே ஒப்படைத்த ராசாவுக்கு நன்றியாக இனி எந்த நாயையும் ஏமாற்றிச் சிரிக்கமாட்டேன், மனிதர்களைப் பற்றி மட்டும் எந்த உறுதியும் தருவதற்கில்லை.