மகள் அறையில் கட்டிய சௌனா

மேலகரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறை மகளுடையது. எட்டாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு வருஷமாக, பெருக்குவதற்கு மட்டும் என் மனைவி அங்கே போய் வருவாள். நான் அதற்குக்கூடப் போனதில்லை.

மனைவிக்கு முடக்குவாதம். சாரல் தொடங்கிவிட்டால் விரல் மடங்காது. ஜாக்கெட் கொக்கியை நான்தான் மாட்டிவிட வேண்டும். குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் நான் எலக்ட்ரீஷியன். அங்கே சௌனா உண்டு. பலகை அடித்த சின்ன அறை; ஹீட்டர் கற்களைச் சூடாக்கும், உள்ளே உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டும். கூட்டமில்லாத ஒரு நாள் மேனேஜரிடம் கேட்டு அவளை உட்காரவைத்தேன். வெளியே வந்தவள் கையை மூடி மூடித் திறந்து பார்த்தாள். டாக்டரும், சூடு நல்லதுதான், பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம் என்றார்.

வீட்டிலேயே ஒன்று போடலாம் என்று சொன்னேன். எங்கே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பின் ரூமை எடுத்துக்கிடுங்க," என்றாள் அவளே. "சும்மா பெருக்கிக்கிட்டே இருந்து என்ன ஆகப்போவுது."

ஆசாரி வந்து ஜன்னலை அடைத்தார். சுவரில் மகள் ஸ்கெட்ச் பேனாவால் டியூஷன் நேரங்களை எழுதி வைத்திருந்தாள்.

"இதைச் சொரண்டிரட்டுமா அண்ணாச்சி?"

வாசலிலிருந்து மனைவி, "சொரண்ட வேண்டாம். மேல பலகை அடிச்சாப் போதும்," என்றாள்.

ரிசார்ட்டில் கழித்துப்போட்ட ஹீட்டரை நானே பழுதுபார்த்து மாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் உள்ளே போனாள். நான் வெளியே கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அழுகைச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன்.

"தலை சுத்துதா? வெளிய வா."

"அதெல்லாம் இல்ல. கதவைச் சாத்துங்க, சூடு போவுது."

உள்ளே போய்ச் சாத்தினேன்.

"அன்னைக்குக் காலையில குளிருதும்மான்னு சொன்னா. பள்ளிக்கூடம் போக மடின்னு நான் ஏசி அனுப்பிட்டேன். தொட்டுக்கூடப் பாக்கல."

நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் இதைச் சொன்னதில்லை. நானும் சொல்லாமல்தான் இருந்தேன்.

"பைக்ல கொண்டுபோய் விட்டது நாந்தான்," என்றேன். "முதுகுல சாஞ்சுக்கிட்டு வந்தா. கொதிச்சுது. வண்டி எடுக்கறவரைக்கும் வெயில்ல நின்ன சூடுன்னு நினைச்சேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சட்டையும் வேட்டியுமாக உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் முகமெல்லாம் வழிந்தது.

இப்போது விரல் ஓரளவு மடங்குகிறது. கொக்கியை அவளே மாட்டிக்கொள்கிறாள். ஞாயிறுதோறும் சேர்ந்தே உள்ளே போகிறோம். சில நாள் மகளைப் பற்றிப் பேசுவோம். பல நாள் பேச்சு எழாது. பத்து நிமிஷம் ஆனதும் நான் எழுந்து ஹீட்டரை அணைப்பேன். அவள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள்.