காயடிக்கும் வரிசையில் ஒரு பொலிகிடா

கிடாக்காரம்மாவைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் பொலிகிடா வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். பெட்டை ஆடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தால், போட்டது போட்டபடி அதைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்குத்தான் வரவேண்டும். தாடியும் கொம்புமாக அவளுடைய கிடா நிற்கிற தோரணை எந்த ஊர்த்தலைவருக்கும் வராது. அதன் நாற்றம் அடுத்த தெரு வரைக்கும் அடிக்கும். அவளுக்கு மட்டும் அது நாற்றமே இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அடுப்பை எரியவைத்தது அந்தக் கிடாதான். மூத்த மகளை நர்ஸாக்கியது அதுதான். இளையவள் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்ததும் அதன் தயவில்தான்.

கிடாயின் முன்னங்குளம்பில் புண் வந்திருந்தது. நேரம் பார்த்து, வெளிநாட்டு ஊழியக்குழு ஒன்று நாலு நாள் இலவச கால்நடை முகாம் நடத்த வந்திறங்கியது. வரவழைத்தவர் சபைப் போதகர். ஊருக்குத்தான் அவர் ஐயா. கிடாக்காரம்மாவுக்கு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், நெஞ்சில் சிலுவை. நல்ல பிள்ளைகள்தான், சாணியை மிதித்தாலும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் மாட்டு டாக்டர் ஒரே ஒரு பெண். குழுத்தலைவர் தன் ஊரில் கார் விற்கிறவராம். மற்றவர்கள் லீவில் வந்த மாணவர்கள்.

கடைசி நாள் சபை மைதானத்தில் இரண்டு வரிசை. ஒன்று மருந்துக்கு, மற்றது காயடிக்க. கிடாக்காரம்மா மருந்து வரிசையில் கிடாயைக் கட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்றாள். தம்பி வந்து, ஆடு மாடுகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சொந்தக்காரர்கள் உள்ளே போய்ப் பிரசங்கம் கேட்கவேண்டும் என்றார். போதகரின் அக்காவே வெளியில் நின்றால் மற்றவர்கள் எப்படி உள்ளே வருவார்கள்? அவளும் போய் உட்கார்ந்தாள். ஆண்டவர் யாரையாவது முதலில் பிரசங்கம் கேட்கவைத்து, அப்புறம் குணமாக்கியதாக அவளுக்கு நினைவில்லை. இருந்தாலும் தம்பிக்காக வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே தலைவருக்குப் போட்டோ ஆசை வந்துவிட்டது. இருக்கிறதிலேயே அழகான கிடா எது? அவளுடையதுதான். அவிழ்த்துக்கொண்டுபோய், கழுத்தைக் கட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிப் படம் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த பிறகு ஒரு மாணவன் கைக்கு எட்டிய முளையில் கட்டினான். அது காயடிக்கிற வரிசை. விசாரிக்கலாம் என்றால் சொந்தக்காரர்கள் எல்லோரும் உள்ளே ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் வெளியே வந்தபோது கிடா பின்னங்கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் கையில் காயடிக்கிற இடுக்கி இருந்தது. அவளுக்கு ஒருவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குளம்புப் புண்ணில் மருந்தின் வாசனைகூட இல்லை.

டாக்டர் பெண் பரவாயில்லை. விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துப்போய், கேட்காமல் செய்தது தன் தப்பு என்று ஒத்துக்கொண்டாள். அழுதுவிட்டாள். தலைவர்தான் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, கிடாக்காரம்மாவின் தோளில் கைவைத்துக் கண்ணை மூடி நீளமாக ஜெபித்தார். முடித்துவிட்டு, மன்னித்துவிட்டதாக அவள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும் என்று தம்பி மூலமாகக் கேட்டார். காயடித்த கிடா நன்றாகக் கொழுக்கும், கறிக்கு நல்ல விலை போகும் என்று ஆறுதலும் சொன்னார். வயிற்றில் அடித்துவிட்டு வயிற்றுக்கே வழியும் சொல்கிறார்!

அவள் தோளிலிருந்த கையை எடுத்துவிட்டாள்.

"ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன், எனக்கும் அவர்தான். இவங்க என் கிடாய்க்கு என்ன வழி பண்ணப்போறாங்கன்னு கேளு."

தலைவர் தொடர்ந்து ஜெபிப்பதாகச் சொன்னார். மறுநாள் காலையில் விமானம்.

அவள் தன் கிடாயை அங்கேயே கட்டிப் போட்டாள். நேராகத் தம்பி வீட்டுக் கொல்லைக்குப் போனாள். அன்றிரவு விருந்தாளிகளுக்கு வெட்டுவதற்காகத் தம்பி சந்தையில் வாங்கிவந்த இளங்கிடா அங்கே கட்டியிருந்தது. ஊசி போட்டால் கறிக்கு ஆகாது என்று அதை மட்டும் அவர் முகாம் பக்கமே ஓட்டவில்லை. இன்னும் ஒரு வருஷம் வளர்த்தால் அருமையான பொலிகிடா. கயிற்றை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் வழியாகவே நடந்தாள். பின்வாசலால் போயிருக்கலாம், அவள் எதற்குப் பின்வாசலால் போகவேண்டும்?

தம்பி ஓடிவந்தார். "அக்கா, அது விருந்துக்கு வாங்கினது."

"தெரியும். உன் விருந்தாளிங்களுக்கு அது ஒரு ராத்திரிச் சோறு. எனக்கு அப்படியா?"

அதற்குள் தலைவர் கண்டுவிட்டார். போதகர் தன் கிடாயையே அக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறார் என்று அவராகவே முடிவுகட்டி, உருகிப்போய்க் கைதட்டினார். மாணவர்களும் தட்டினார்கள். போன்கள் மேலே எழுந்தன. தம்பியும், என்ன சொல்ல, மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

கிடாக்காரம்மா நின்றாள்.

"குடுத்தேன்னு சொல்லிடாதே. எங்க அக்கா பிடிச்சிட்டுப் போறா, ஏன்னு உங்களுக்கே தெரியும்னு சொல்லு."

காலையிலிருந்து இரண்டு பாஷையிலும் மடமடவென்று பொழிந்துகொண்டிருந்த மனுஷர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஒவ்வொரு கையாகத் தட்டுவது நின்றது.

அதன் பிறகுதான், இரண்டு கிடாய்களையும் ஓட்டிக்கொண்டு, ஒன்று நொண்டுகிற வேகத்திலேயே அவள் வீட்டுக்கு நடந்தாள்.