பிள்ளையார் சுழியோடு கைமாறிய இயல்

இன்று காலை தென்காசி பஸ் ஸ்டாண்ட் அருகே உள்ள டைப்பிங் கடையில் இருந்தவர்கள்: நான், கடைக்கார அண்ணாச்சி, என் மகளின் நெறியாளரிடமே ஆய்வு செய்யும் இன்னொரு பெண். வேறு யாரும் இல்லை.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்களைப் பற்றி என் மகள் ஆய்வு செய்கிறாள். இதுவரை வந்த நூல்களை அலசும் இயலைச் சாரல் காலம் முழுதும் உட்கார்ந்து எழுதினாள். டைப் அடித்தது நான். போன மாதம் நெறியாளர் சார் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஆய்வே இல்ல, திரும்ப எழுது" என்றார். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இன்று அந்தப் பெண்ணுக்காக அண்ணாச்சி பிரின்ட் எடுத்த தாளின் உச்சியில் ஒரு 'உ'.

நான் எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போடுவேன். மகளின் இயலிலும் போட்டிருந்தேன். கீழே படித்தேன். வரிக்கு வரி அவள் எழுதியது.

"இது உனக்கு யாரும்மா தந்தா?"

"சார்தான் ஆன்ட்டி. நல்லாருக்கு, பேர மட்டும் மாத்திக்கன்னாங்க."

"மேல இந்தச் சுழி?"

"சார் ஓகே பண்ணதாச்சேன்னு விட்டுட்டேன்."

"நானும் சாமி காரியம்னு கை வைக்கல" என்றார் அண்ணாச்சி.

சார் என் முகநூல் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். நான் கோயில் படம் போட்டால் முதல் கும்பிடு அவருடையது. இந்தப் பதிவுக்கும் போடுவாரோ என்னவோ.

சார், என் மகள் பெயரில் ஆய்வே இல்லாதது, அந்தப் பெண் பெயரில் எப்படி ஆய்வானது? நாளைக்குள் பதில் சொல்லுங்கள்.