வால்வு போன கல்யாணம்

என் தங்கையைப் பெண் பார்க்க வந்த மனிதர் முதலில் பார்த்தது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாயை. எழுபதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் ஒன்றில், ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா அங்கே கங்காணி. நான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தேன். வந்தவர் நாலைந்து மலை தள்ளி ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பெரிய காலர் வைத்த பூப்போட்ட சட்டை, பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஸ்பேனர். அம்மா கொடுத்த காபியை ஒரு வாய் குடித்தவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பின்பக்கக் குழாயில் கிர்ரென்று ஒரு சத்தம். வருஷக்கணக்காக வருகிற சத்தம் என்பதால் எங்களுக்கு அது கேட்பதே இல்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பெண் வீட்டார் அத்தனை பேரும் அவர் பின்னால் போனோம்.

“கேட் வால்வ இப்பிடி அரகொறயாத் தொறந்து வைக்கலாமா மாமா?” என்று அப்பாவைக் கேட்டார். அதற்குள் மாமா! அந்த வால்வுக்குள் ஒரு தகடு கதவுபோல ஏறி இறங்குமாம். முழுக்கத் தூக்கினால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும், முழுக்க இறக்கினால் நின்றுவிடும். பாதியில் விட்டால் ஓடுகிற தண்ணீர் தகட்டில் மோதி மோதி அதை அரித்துவிடும்; நாங்கள் கேட்காமல் விட்டது அந்த அடி வாங்கும் சத்தத்தைத்தான். அப்பாவுக்கு முகம் கடுகடுத்தது. அப்போது அடுக்களை வாசலிலிருந்து தங்கை கேட்டாள்: “அப்ப கொஞ்சூண்டு தண்ணிதான் வேணும்னா என்ன செய்ய?” அவர் திரும்பினார். பெண்ணை அவர் பார்த்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். “அதுக்குக் குளோப் வால்வு இருக்குல்லா!” என்று முகம் மலர, ஒரு குச்சியை எடுத்துத் தரையில் படம் போட்டார். அதில் வழி நேராக இருக்காது, வளைந்து ஏறி இறங்கும், நடுவில் ஒரு துவாரத்தின் மேல் மூடி வந்து உட்காரும், திருகத் திருக வேண்டிய அளவுக்குத் தண்ணீரை விடலாம். மாப்பிள்ளை வீட்டார் போனபின் அப்பா, “இவன் பொண்ணு பாக்க வந்தானா, பைப்பு பாக்க வந்தானா?” என்று கத்தினார். தங்கை அமைதியாகச் சொன்னாள்: “இதுக்கு முன்ன வந்தவங்க எல்லாரும் என்னயப் பாத்துட்டுப் போனாங்க. இவருதான் நான் கேட்டதுக்குப் பதில் சொன்னாரு.” அதோடு பேச்சு முடிந்தது.

அன்றிலிருந்து அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். நிச்சயம் ஆனபின் லீவு கிடைத்த ஞாயிறெல்லாம் வந்துவிடுவார். தங்கையோடு தனியே பேச அந்தக் காலத்தில் வழியில்லை; என்னிடம் பேசுகிற சாக்கில் அவளுக்குக் கேட்கும்படி பேசுவார். பேச்சு என்ன பேச்சு, எல்லாம் வால்வுதான். மனிதர்களைக்கூட அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். அப்பா கேட் வால்வாம். திறந்தால் முழுக்கத் திறப்பார், மூடினால் மூடியதுதான், நடுவாந்தரம் கிடையாது. அம்மா சேஃப்டி வால்வு. “பாய்லர்ல அழுத்தம் செவப்புக் கோட்டத் தாண்டினா ஒருத்தரும் தொட வேண்டாம் மச்சான், நீராவியே ஸ்பிரிங்கத் தூக்கிட்டு வெளிய வந்துரும். சத்தம் ஊரக் கூட்டும், ஆனா பாய்லர் வெடிக்காது. அத்தை சத்தம் போடுறதாலதான் இந்த வீடு நிக்கி” என்றார். அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போட்டாள்.

ஒருநாள் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் காட்டி, “காத்து அடிக்கியல்லா, அடிச்ச காத்து ஏன் பம்பு வழியாத் திரும்பி வரல?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தங்கைக்கும் தெரியவில்லை. உள்ளே ஒரு குட்டி வால்வு இருக்கிறதாம். போகிற காற்றுக்குத் திறக்கும், திரும்பி வர நினைத்தால் அந்தக் காற்றே அதை அழுத்தி மூடிவிடும். பேர் நான்-ரிட்டர்ன் வால்வு. ஃபேக்டரி பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயில் இதன் பெரியண்ணன் இருக்கிறதாம். பம்பு தள்ளும் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு, கொதிக்கிற தண்ணீர் பம்புக்குத் திரும்பாமல் மறித்து நிற்குமாம். அது மட்டும் கெட்டுவிட்டால் தீயை இழுத்துப்போட்டு, பாய்லர் ஆறும்வரை காத்திருந்து, பிரித்து, அது உட்காரும் இடத்தை உரசுகிற மசி போட்டுத் தேய்த்துச் சரிபண்ணி, பிறகுதான் மறுபடி தீ மூட்ட வேண்டும். ஆறுவதற்கே ஒரு பொழுது போய்விடும் என்றார்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் மனிதர் சும்மா விடமாட்டார். கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயிலில் வாசிக்கக் கொடுக்கப் போன அன்று பங்குச் சாமியார், எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு, “அந்தப் பைப்பை மூடு” என்றார். மாப்பிள்ளை வலது கையில் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். அந்த விரல் எழுந்தால் விளக்கம் வருகிறது என்று அர்த்தம். “சாமி, அது பைப்பு இல்ல, பிளக் காக்கு. நடுவுல ஓட்ட போட்ட கட்ட ஒண்ணு இருக்கும். கால் திருப்பு திருப்பினா ஓட்ட வழிக்கு நேரா வந்துரும், இன்னொரு கால் திருப்புல மூடிரும்.” சாமியார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கல்யாணத்தைச் சாம்பல் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை வைத்திருந்தோம். புதன் பிறந்தால் தவக்காலம், பிறகு ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. செவ்வாயில் நல்ல காரியம் செய்ய அம்மா சம்மதிக்க மாட்டாள். அதனால் தள்ளிப்போட இடமே இல்லை. ஞாயிறு மத்தியானம் பந்தல் போட்டாயிற்று, கம்பம் ஊரிலிருந்து பெரியம்மா வகையறா வந்து இறங்கியாயிற்று. தோட்டத்து ஆபீஸ் பியூன் மூச்சு வாங்க ஏறி வந்தார். ஆபீஸுக்குப் போன் வந்ததாம், மலையாளத்துக் குமாஸ்தா எடுத்து இவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். பந்தல் நடுவில் நின்று பியூன் சொன்னார்: “மாப்பிள்ளைக்கு வால்வு போச்சாம். நாளைக்கு வாறது சந்தேகந்தானாம்.”

எங்கள் பக்கத்தில் ழகரம் நாக்கில் நிற்காது. அவர் சொன்னது எல்லோர் காதிலும் வாழ்வு போச்சு என்றுதான் விழுந்தது. பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டு, “தாலி ஏறுமுன்னே அறுத்துட்டியே மாதாவே” என்று ஆரம்பித்தாள். செத்தவனா நாளைக்கு வருவது சந்தேகம் என்று சொல்லி அனுப்புவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வேலை போய்விட்டது என்றார் சித்தப்பா. பூப்போட்ட சட்டை போட்டபோதே தெரியும், வேறு எவளோ இருக்கிறாள் என்றாள் அம்மா. அப்பா தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார். “பந்தலப் பிரிங்கடா. ஈஸ்டருக்கும் கிடையாது, இனி என்னைக்கும் கிடையாது” என்றார். ஆள்கள் நிஜமாகவே ஏறிக் கீற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். அப்பா மூடினால் மூடியதுதான் என்பது அந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். தங்கை வாசலில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பெரியம்மா இன்னும் உரக்க அழுதாள். “அது வாழ்வு இல்ல, வால்வு! அந்த மனுசன் வாயில வேற என்ன வரும்?” என்றாள் தங்கை. பிறகு என்னிடம் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு தணிந்த குரலில், “எந்த வால்வுன்னு கேட்டுட்டு வா அண்ணே. சின்னதா இருந்தா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவாரு” என்றாள்.

நானும் பியூனும் ஆபீஸுக்கு ஓடினோம். எக்ஸ்சேஞ்சைப் பிடித்து லைன் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுமுனையில் ஃபேக்டரி ஆபீஸ்காரர், ஒரு மலையாளி. “ஏது வால்வா போயது?” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதைவிடப் பலமாக அவர் கத்தினார்: “நான் ரிட்டர்ன்! நான் ரிட்டர்ன்!” லைன் அறுந்தது. போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாய்லர் ஆறவே ஒரு பொழுது. அந்த மலைகளில் வேறு ஃபிட்டர் கிடையாது. இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துத் திரும்பினால், பக்கத்தில் நின்ற பியூனைக் காணோம்.

நான் மேடேறி வந்தபோது பிரித்த கீற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா பந்தல் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். “கேட்டியாடா? போன்ல வந்து சொல்லிட்டாராம்ல, நான் ரிட்டர்ன்னு! திரும்பி வந்துருவேன்னு இங்கிலீசிலயே சொல்லியிருக்காரு. ஆம்பளன்னா இப்பிடி ஒத்த வார்த்தையில நிக்கணும்.” ஒற்றைச் சொல்லில் அழுத ஊர் இன்னொரு சொல்லில் சமையலைத் தொடங்கிவிட்டது. முதல் சேதி கேட்டு அழுததும் தப்பு, இரண்டாம் சேதி கேட்டுச் சிரிப்பதும் தப்பு. தங்கை என் முகத்தைப் பார்த்தாள். “நான்-ரிட்டர்ன் வால்வா?” என்றாள். தலையை ஆட்டினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் கேட்ட பாடம் அவளுக்கும் நினைவிருந்தது. “அப்பாட்ட சொல்லாத அண்ணே” என்றாள். வராவிட்டால் என்று கேட்டேன். “வரலைன்னா அப்ப அழுதுக்கிடலாம். இப்ப தலையில பூ வைக்கணும்” என்று உள்ளே போனாள். அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மறுநாள் காலை பூசை நேரமாகியும் மாப்பிள்ளை வீட்டார் யாரும் இல்லை. சாமியார் வெளியே வந்து பாதையைப் பார்ப்பார், உள்ளே போய் இன்னொரு ஜெபமாலை சொல்ல வைப்பார். அப்பா ஒருவர்தான் கவலையில்லாமல் இருந்தார். “வந்துருவாரு சாமி, சொல்லியிருக்காரு” என்றார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல நான் பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தங்கை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்தையே பார்த்திருந்தாள். கடைசியில் வளைவுக்கு அப்பால் ஹாரன் சத்தம். கொழுந்து ஏற்றுகிற லாரி ஒன்று தள்ளாடி வந்து நின்றது. பின்னால் அவருடைய அம்மாவும் உறவுக்காரர்களும் பட்டுச் சேலையில் தேயிலைத் துணுக்குகளோடு இறங்கினார்கள். முன்னாலிருந்து குதித்த மாப்பிள்ளை கோட்டு போட்டிருந்தார். தலையில் எண்ணெய் இல்லை, கண் இரண்டும் செவேலென்று இருந்தது, கோயில் முழுக்க மண்ணெண்ணெய் வாடை. மோதிரம் மாற்றும்போது அந்தக் கறுத்த கையைப் பார்த்துச் சாமியார் தயங்கினார். “மண்ணெண்ணெயில கழுவியாச்சு சாமி, மசி போகல்ல” என்றார் மாப்பிள்ளை. தங்கை வெடுக்கென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விருந்தில் அப்பா மருமகனை இழுத்துக்கொண்டு பந்தி பந்தியாகப் போனார். “ஊரே அழுதுச்சு. மனுசன் போன்ல ஒத்த வார்த்த சொன்னாரு, நான் ரிட்டர்ன். சொன்னாப்ல வந்து நின்னாருல்லா!” தான் சொன்னதாக ஊர் கொண்டாடும் வார்த்தையை மாப்பிள்ளை முதல்முறையாக அங்கேதான் கேட்டார். புருவம் நெரிந்தது. வலது கையில் ஆள்காட்டி விரல் எழுந்தது. தங்கையைப் பார்த்தார்; அவள் குனிந்த தலையோடு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தார், அப்பா ஒரு பிள்ளையைப்போலப் பூரித்து நின்றார். விரல் மெல்ல இறங்கியது. “ஆமா மாமா. சொன்னா வந்துருவேன்” என்றார்.

அப்பா அதற்குப்பின் நெடுங்காலம் இருந்தார். புது ஆள் யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார், அதுவும் மருமகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. மாப்பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. என் வீட்டுக்கு வந்தால் இன்னும் குழாய்களைத்தான் முதலில் குசலம் விசாரிக்கிறார். அண்மையில் இதய டாக்டரிடமே விரலைத் தூக்கி, நெஞ்சில் இருக்கிற வால்வும் நான்-ரிட்டர்ன் வகைதான் என்று விளக்கிவிட்டு வந்திருக்கிறார். போன மாதம் அவரிடம் கேட்டேன், அப்பா போய் இத்தனை வருஷமாகிறதே, அந்த ஒன்றை மட்டும் ஏன் இன்னும் யாரிடமும் திருத்தவில்லை என்று. மடியிலிருந்த பேரப்பிள்ளையை இறக்கிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“அதுல திருத்த என்ன இருக்கு மச்சான்? வந்தேனா இல்லியா?”