வெறுங்காலுக்கு வாங்கிய சப்பாத்து

"செருப்பே போடாமல் திரிஞ்ச கால், பிள்ளை. சப்பாத்துக்குள்ளை அடங்குமோ?"

எனக்குக் கனடாவில் படிக்க இடம் கிடைத்த செய்தி நெடுந்தீவில் பரவிய கிழமை, பக்கத்து வீட்டு மாமி கல்மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று இப்படிக் கேட்டா. அவவின் மகள் அங்கே போய்ப் பல வருடம். நான் சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். அந்த வீட்டில் எதையும் கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பல்கலைக்கழகக் கடிதத்தில், பனிக்காலத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. தடித்த மேலங்கி, தண்ணீர் உள்ளே போகாத சப்பாத்து, கம்பளிக் காலுறை. குசினி வாசலில் இருந்து, அடுப்படியில் நின்ற அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் வாசித்துச் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு எழுத்தாக எது வந்தாலும் எட்டு வயதிலிருந்து நான்தான் வாசிப்பேன். அப்பா கடலுக்குப் போகிறவர்; அவருக்குத் தெரிந்த குளிர் மீன்பெட்டிக் குளிர்தான்.

"ஐஸ் அள்ளினால் முதலிலை விரல்தான் விறைக்கும். கைக்கும் ஏதும் வாங்கு," என்றார்.

சாமான் வாங்கத் தானும் யாழ்ப்பாணம் வரட்டோ என்று அம்மா கேட்டா. அங்கே வந்து நீங்கள் என்ன பார்க்கப்போகிறீர்கள் என்றேன். படகும் பஸ்சும் மாறித் தனியாகப் போனேன்.

யாழ்ப்பாணத்தில் நான் போனது வெளிநாடு போகிறவர்களுக்கென்றே உள்ள கடை. எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் தாயோடும் தம்பியோடும் வந்திருந்தாள். தம்பியின் கைபேசிக்குள் இருந்து எங்கோ ஒரு அக்கா, "அடியைத் திருப்பிக் காட்டு, வழுக்கும் போலை கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தா. கடைக்காரப் பெடியன் என்னிடம், உங்களுக்கு அங்கே ஆர் இருக்கினம் அக்கா என்று கேட்டான். ஒருத்தரும் இல்லை, எங்கள் வீட்டில் நான்தான் முதல் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு கடை கொஞ்சம் பெரிதாகிவிட்டதுபோல இருந்தது.

மேலங்கியைச் சரியாகத்தான் தெரிந்தெடுத்தேன்: இடுப்பில் பட்டி கட்டுகிற, கருஞ்சிவப்பு நிறம். சப்பாத்தில்தான் மனம் போய் விழுந்தது. கணுக்காலுக்கு மேல் மெல்லிய ரோமக்கரை, ஒடுங்கிய முனை. செருப்பை வழக்கம்போலக் கடைவாசலிலேயே கழற்றி வைத்திருந்தேன். வெறுங்காலை உள்ளே விட்டேன். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. கண்ணாடியில் அந்தக் காலைப் பார்த்தபோது மாமியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெரிய சட்டியில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, சப்பாத்தோடு அதற்குள் நின்றேன். கழற்றியதும் அம்மா சப்பாத்துக்குள் கைவிட்டுப் பார்த்தா. ஒரு துளி ஈரம் இல்லை. அப்பாவுக்கு அது பெரிய சந்தோசம். வள்ளத்துக்குக்கூட இப்படி அமையாது என்றார்.

அடுத்த நாள், அறைக்குள் தனியே இருந்து, வாங்கிவந்த கம்பளிக் காலுறையைப் போட்டுச் சப்பாத்துக்குள் காலை விட்டேன். கால் பாதிக்கு மேல் போகவில்லை. எழும்பி நின்று மிதித்தேன். குதி இறங்கவே இல்லை. கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பட்டியலின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி கிடந்தது: காலுறை போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். வீட்டுக்கே வாசித்துச் சொல்கிற நான், அந்த வரியை வாசிக்காமல் விட்டிருக்கிறேன்.

குசினிக்குள் இருந்து அம்மா, எல்லாம் அளவோ பிள்ளை என்று கேட்டா. ஓம் என்றேன். கதிரையில் ஒரு காலில் சப்பாத்து தொங்க அப்படியே இருந்தேன். பத்து அடி தள்ளி என்னைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். எத்தனை அளவு கூட்டி மாற்றுவது, அந்த ஒடுங்கிய முனை உறைந்த நிலத்தில் நிற்குமா என்று அவர்களைக் கேட்க வழியில்லை. கேட்டால் அவர்களும் பயந்துபோவார்கள். கடையில் பட்ட தனிமை வீட்டுக்குள்ளும் என்னோடு வந்திருந்தது. பனிக்குள் போய் இறங்கினால் அது இன்னும் பெருகும். அங்கே மதிலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகமே இராது.

காலுறையைக் கழற்றவில்லை. அதன்மேல் பழைய செருப்பை ஒருமாதிரி மாட்டி, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் கொளுத்தியது.

"மாமி," என்று கேற்றடியில் நின்று கூப்பிட்டேன். "கனடா அக்காவோடை ஒருக்கால் கதைக்கவேணும்."