உப்புத் தண்ணீர் படாத ஜீப்

பழைய ஃபோர்வீல் ஜீப்பை வாங்குகிறவன் முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது சேசிஸை அல்ல, விற்கிறவர் சொல்லும் கதையை. லூனாஸில் பட்டறை வைத்திருக்கும் நான் வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்வேன். ஆனால் என் சொந்த ஜீப்பின் கதையை மட்டும் பல வருடங்களாக மனசுக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டு, வெளியே மூச்சு விடாமல் இருந்தேன். கதையைச் சொன்னவர் என் மாமனார். பழைய வண்டியும் மாமனாரும் ஒருசேர வாய்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சீர்

மாமா சுங்கை லாலாங்கில் ரப்பர் எஸ்டேட் லாரி ஓட்டியவர். என் கல்யாணத்துக்கு ஒரு பழைய ஜீப்பை வாங்கிச் சீராகக் கொடுத்தார். எஸ்டேட் துரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிய வண்டியாம். தொழில் புத்தி, அடிப்பக்கம் பார்க்கக் குனிந்தேன். தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டார்.

"மாப்ள, செம்மண்ணத் தவிர வேற எதையும் மிதிக்காத வண்டி. ஒரு சொட்டு உப்புத் தண்ணி பட்டதில்ல. பொண்ணயே நிமிந்து பாக்காதவரு, வண்டிய என்னத்தக் குனிஞ்சு பாக்குறீங்க?"

செதில்

சில வருடங்களில் கால் வைக்கும் தகடு இற்றுப்போனது. என்னோடு வேலை செய்யும் வெல்டர் முத்து அதை அறுத்தெடுத்தான். அடியிலிருந்து ஒரு கைப்பிடி மீன் செதில் கொட்டியது. துரை சந்தைக்குப் போயிருப்பார் என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

முத்து செதிலை ஊதிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏண்ணே, உங்க மாமா எஸ்டேட்ல மீனும் பால் வெட்டப் போச்சா?"

நெளிசல்

ஒருமுறை மீன் வாங்க அந்த ஜீப்பிலேயே கடலோரக் கோலா கெடாவுக்குப் போனேன். ஐஸ் கட்டி உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, பின்கதவு நெளிசலில் விரலை வைத்தார். விரல் அச்சாகப் பொருந்தியது. காணாமல்போன பேரனைப் பார்த்த மாதிரி வண்டியைத் தடவினார்.

"தம்பி, இது நான் இடிச்ச இடம்லா! படகக் கரைக்கு இழுக்கப் போயி கடல்ல முக்காவாசி முங்குன வண்டி. இன்னும் உசுரோடயா இருக்கு?"

வீட்டில் சொல்லவில்லை. மாமாவையும் யாராவது ஏமாற்றியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதில் எனக்கு வசதியும் இருந்தது.

பொட்டு

போன மாதம் சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் ஆசிரியர் ஜீப்பை விலைக்குக் கேட்டு வந்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போக வேண்டுமாம். என் வாய், என்னைக் கேட்காமலே, "உப்புத் தண்ணி படாத வண்டி சார், என் வார்த்தைய நம்பலாம்" என்றது. அவர் நம்பிக்கையோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

பின்சக்கரத்துக்கு மேலே, சேசிஸில் ஒரு சந்தனப் பொட்டு உண்டு. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மாமாவே பஸ் ஏறி வந்து, படுத்துத் தவழ்ந்து, அதே இடத்தில் அப்புவார். சாமி காரியம் என்று நாங்கள் யாரும் கழுவியதில்லை. வருடா வருடம் ஏறி, வடை கனத்துக்கு வந்திருந்தது. ஊர் வண்டிகளின் துருவையெல்லாம் சுரண்டிய நான் அதை மட்டும் சுரண்டவில்லை. பக்தியா, பயமா, இன்றுவரை தெரியாது.

ஆசிரியர் அங்கேதான் தட்டினார். பொட்டு முழுசாக விழுந்தது. அந்த இடத்தில் ஓட்டை. கையை விட்டுப் பார்த்தேன்; முழங்கைவரை உள்ளே போனது. அந்த வண்டியில் அவர் பிள்ளைகள் ஏறியிருப்பார்கள்.

அவர் கோபப்படவில்லை. சந்தனத்தை என் உள்ளங்கையில் வைத்தார். "பொட்டு நல்லாத்தான் இருக்குண்ணே. நெத்தியத்தான் காணோம்."

கேள்வி

மறுநாளே சுங்கை லாலாங்குக்குப் போனேன். மாமா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தனக் கட்டியை அவர் முன்னால் வைத்தேன். அதைப் பார்த்தார். ஆற்றுவதை நிறுத்தினார். துரை, கடல், செதில் என்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த கேள்விகள் எல்லாம் போய், கடைசியில் ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது:

"மாமா, இத்தன வருசமா நீங்க வச்ச பொட்டு சாமிக்கா, ஓட்டைக்கா?"