காத்தாடி பிடித்த முதல் வீடு

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் காத்தாடி என்றுதான் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் வந்த பெயர். பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொன்னால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் நடந்துவிடுவாள். பாதி வழியிலேயே பஸ் அவளைத் தாண்டிப் போயிருக்கும். "தூங்கும்போதுகூட உன் கால் எங்கேயோ போயிட்டு இருக்கு" என்பார் பேக்கரியில் ரொட்டி போடும் அவள் கணவர்.

பெயிண்ட் கான்ட்ராக்டர் ஒருவரிடம் பல வருஷம் வேலை பார்த்தாள். உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்ப்பது, தரையில் சிந்தியதைத் துடைப்பது, ஜன்னல் கம்பிக்கு பிரஷ் போடுவது, அவ்வளவுதான். ஏணியும் ரோலரும் ஆண்களுக்கு. ஒருநாள் மேஸ்திரி, முந்தின நாள் சேர்ந்த ஆள் கையில் ரோலரைக் கொடுத்துவிட்டு இவளிடம் வழக்கம்போல் உப்புத்தாளை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எனக்கும் ரோலர் பிடிக்கத் தெரியும் மேஸ்திரி."

"தெரியும்மா. வீட்டுக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க?"

"அவங்க சுவரைப் பாக்கட்டும். என்னை எதுக்குப் பாக்கணும்?"

சொன்ன வேகத்தில் கையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தெருமுனை திரும்பும்போதுதான் வேலை போனது உறைத்தது. நின்றால் திரும்பிப் போய்விடுவோமோ என்ற பயத்தில் இன்னும் வேகமாக நடந்தாள்.

வீட்டில் நாத்தனார் இருந்தாள். கணவரின் தங்கை. சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடிவிட்டதால் சும்மா இருந்தவள். அண்ணிக்கு நேர் எதிர். எதையும் ஆற அமரத்தான் செய்வாள். பேச்சும் அப்படித்தான், அளந்து அளந்து வரும்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிற தொழில் ஆரம்பிக்கிறோம்" என்றாள் காத்தாடி, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"யாரு கூப்பிடுவா அண்ணி?"

"யாரும் கூப்பிட வேணாம். நாமளே போய்க் கதவைத் தட்டுவோம்."

தட்டினார்கள். காரை பெயர்ந்த வீடு, மழைக்கறை படிந்த வீடு, ஒன்றையும் விடவில்லை. "ஆம்பளைங்க யாராவது கூட வருவாங்களா?" என்று கேட்காத வாசல் இல்லை. ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறீர்களா என்றே கேட்டார்கள். நாத்தனார் அதற்கும் நிதானமாக, "அது வேற வேலைங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். காத்தாடி அதற்குள் பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்திருந்தாள்.

அந்தக் கேட்டுக்குப் பின்னால் ரயில் டிரைவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றவர். மனைவி முழங்கால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். டிரைவர் ஹால் சுவரைக் காட்டிச் சொன்னார்: "அவ பல வருஷமா இதைப் பாத்து முணுமுணுத்துக்கிட்டே இருக்காம்மா. வர்றப்போ பளிச்சுனு இருக்கணும். இந்த வாரக் கடைசியில வந்துடுவா. அதுக்குள்ள..."

"முடிச்சிடலாம் ஐயா" என்றாள் அவள், அவர் கேட்டு முடிப்பதற்குள். நாத்தனார் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளியது உறைக்கவே இல்லை.

பழைய பூச்சைச் சுரண்டி, மேடுபள்ளம் நிரவப் பட்டி பூசி முடித்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை நாத்தனார் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் சில்லுனு இருக்கு அண்ணி. இன்னைக்கு விட்டுடலாம்."

"விட்டுட்டு? சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கவா?"

ஃபேனைச் சுழலவிட்டாள். ஜன்னலைத் திறந்தாள், ஈரக்காற்று வருகிறதென்று மூடினாள், மூடினால் காயாதே என்று மறுபடி திறந்தாள். வாசலுக்கும் சுவருக்குமாக நடந்தாள். ஒவ்வொரு நடைக்கும் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். தொடத் தொட அவளுக்கு அது காய்ந்ததுபோலவே தோன்றியது. மத்தியானம் அடிப்பூச்சாகப் பிரைமர் ஏறிவிட்டது. அடுத்தடுத்து பெயிண்டும் ஏறிவிட்டது. டிரைவர் தானே தேர்ந்தெடுத்த வெளிர் பச்சை. பின்னால் நகர்ந்து நகர்ந்து நின்று பார்த்துப் பூரித்துப் போனார் மனிதர்.

அவர் மனைவியை அழைத்து வரப் போன காலையில், அவர் கொடுத்திருந்த சாவியோடு ஏணியை எடுக்க இவர்கள் வந்தார்கள். சுவரெல்லாம் கொப்புளம். காத்தாடி ஒன்றை விரலால் அழுத்தினாள். பெயிண்ட் தோல் உரிவதுபோல உரிந்து கையோடு வந்தது.

நாத்தனார் இன்னொரு கொப்புளத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தாள். காத்தாடிக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"ஏதாவது திட்டேன்டி."

"திட்டினா காஞ்சிடுமா அண்ணி?"

போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நழுவினால் யாருக்குத் தெரியும்? தங்கள் வீடு எங்கே என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது. கால் ரெண்டும் வாசலை நோக்கியே துடித்தன. ஆனால் எத்தனை தெருவில் இப்படி முகத்தை மறைத்து நடப்பது? குனிந்து சுரண்டியை எடுத்தாள். சர்ரக்கென்று முதல் பட்டை கீழே விழுந்தது. நாத்தனார் மெல்ல வந்து அடுத்த சுவரில் தொடங்கினாள்.

கார் வந்து நின்றபோது ஹால் முழுக்கப் பச்சைச் சருகு. வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்ற டிரைவர் வீட்டு அம்மா ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"என்னங்க இது? நான் இல்லாத நேரம் பாத்து வீட்டையே உரிச்சு வச்சிருக்கீங்க?"

டிரைவர் சுவரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தின நாள் வரை பளபளத்த சுவர் அது.

"தப்பு என்மேலதாம்மா" என்று காத்தாடி முன்னால் வந்தாள். "பட்டி காயறதுக்குள்ள அடிச்சுட்டேன். இவ வேணாம்னுதான் சொன்னா. கேக்கல. எங்க செலவிலேயே மறுபடி அடிச்சுத் தர்றோம்."

"காயற வரைக்கும் இருந்தா என்னவாம்?"

"சும்மா இருக்க முடியலம்மா."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்து, கோழி கூவுமுன் எழுந்து ஓடியே பழகியவர் அவர். கட்டுப் போட்ட தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார்.

"அந்த டாக்டரும் என்னை உக்காருன்னுதான் சொல்லியிருக்கார். கொலைகூடப் பண்ணிடுவேன்போல இருக்கு." பிறகு தரையில் கிடந்த சருகைக் கண்ணால் காட்டினார். "யாரு எடுத்த கலரு இது?"

டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு. உரிஞ்சதும் நல்லதுக்குத்தான். எனக்கு மணல் கலர் வேணும்."

ஹால் நடுவில் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்துகொண்டார். மறுபடி பட்டி பூசியாயிற்று. இனிமேல் சுவர் காய்ந்ததா என்று நாத்தனார்தான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. காத்தாடியே கேட்டுக்கொண்டது அது. "நான் காஞ்சுடுச்சுன்னு சொன்னா நம்பாதே" என்றாள்.

ஆனால் காத்திருப்பது சித்திரவதையாக இருந்தது. ஜன்னல் கம்பியைத் தேய்த்தாள். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டாள். விட்ட கீலுக்கே மறுபடி விட்டாள். "கதவு பாவம்மா, விட்டுடு" என்றார் அம்மா. மேல்மாடியில் ஏதாவது வேலை உண்டா என்று கேட்டதற்கு, "மேல்மாடியே கிடையாது" என்றார். நாத்தனார் புறங்கையைச் சுவரில் வைக்கும்போதெல்லாம் காத்தாடி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நாத்தனார் தலையை ஆட்டுவாள், இல்லை என்று.

கடைசியில் அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "எதிர் வீட்டுக் காம்பவுண்ட் சுவர் பாசி பிடிச்சுக் கிடக்கு பாரு. போய்க் கேளு. இங்கே நீ நடக்கிற நடையில உனக்கு மூச்சு முட்டுது, எனக்குத் தலை சுத்துது."

பட்டி படிந்த கையோடு எதிரே போனாள். அந்த வீட்டுக்காரர் பல் டாக்டர். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார், ஆம்பளைங்க வருவாங்களா என்று. காத்தாடி வாய் திறப்பதற்குள் ஜன்னல் வழியாக அம்மாவின் சந்தைக் குரல் பாய்ந்து வந்தது:

"என் வீட்டுக்கு ரெண்டு தடவை அடிச்சுத் தர்றா டாக்டர்! ஆம்பளைங்க ஒரு தடவைக்கே ஒழுங்கா வர்றதில்ல!"

"ரெண்டு தடவை எதுக்கு?" என்றார் டாக்டர் குழப்பத்துடன். காத்தாடி ஒளிக்காமல் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, "முதல்ல சுவரை மட்டும் பாருங்க, வீட்டை அப்புறம் பாக்கலாம்" என்றார். அம்மா வீட்டு ஹால் மணல் கலருக்கு மாறிய கையோடு அந்த வீடும் கிடைத்தது.

அன்றிலிருந்து அவள் ஒற்றை வீடாக எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அக்கம்பக்கமாக இரண்டு பிடிப்பாள். ஒன்று காயும்போது மற்றதில் நிற்பாள். தொழில் அப்படித்தான் காலூன்றியது. பொத்தான் தொழிற்சாலையில் நாத்தனாரோடு இருந்த பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஏணியில் யார் ஏறுவது என்று அவர்களுக்குள் சண்டையே நடக்கும். சுவர் காய்ந்ததா என்ற தீர்ப்பு மட்டும் இன்றுவரை நாத்தனாருடையது. அதில் மேல்முறையீடு கிடையாது.

காத்தாடி அடங்கிவிட்டாள் என்று சொல்ல முடியாது. உள்சுவர் அலுத்துவிட்டதாம். அடுக்குமாடி வெளிச்சுவருக்குச் சாரம் கட்டி ஏறவேண்டும் என்று இப்போது ஒரு நச்சரிப்பு. உயரம் என்றாலே நாத்தனாருக்குத் தலை சுற்றும். "அதுக்கு வேற ஆளைப் பாத்துக்க அண்ணி" என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. முடிவு ஒன்றும் ஆகவில்லை. காத்தாடி சாரம் கட்டுகிறவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாயிற்று.